வேட்டைக்காரர்களே காவல்காரர்கள் ஆன காடு... நாகாலாந்து மலைக் கிராமத்தின் கதை!

நம் வீட்டுத் தாழ்வாரத்தில் மண்வெட்டியும் அரிவாளும் இருப்பதுபோல, நாகாலாந்து மலை வீடுகளில் துப்பாக்கி இருக்கும். உழவு முடிந்து ஓய்வாக இருக்கும் மாதங்களில் ஆண்கள் காட்டுக்குப் போவார்கள். மான், காட்டுப்பன்றி, பறவை என எது கிடைத்தாலும் அது குழம்புச்சட்டிக்கு வரும். நல்ல வேட்டைக்காரனுக்கு ஊரில் தனி மரியாதை. அப்படிப்பட்ட ஓர் ஊர், 'இனி எங்கள் காட்டில் துப்பாக்கிச் சத்தமே கேட்கக் கூடாது' என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டது. இன்று அந்த ஊரைப் பார்க்க, ஒரே ஒரு பறவையைக் காண, உலகின் பல மூலைகளில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

அந்த ஊரின் பெயர் கொனோமா. தலைநகர் கோஹிமாவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், மலைச்சரிவில் இருக்கிறது. அங்காமி நாகா மக்களின் ஊர். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிக்கட்டு வயல்கள். மேலே அடர்ந்த காடு. 1879-ம் ஆண்டு ஆங்கிலேயப் படையை எதிர்த்து மாதக்கணக்கில் போராடிய ஊர் என்பதால், நாகாலாந்தில் கொனோமா என்றாலே வீரத்துக்குத்தான் அடையாளம். வெளியாள் வந்து சொல்லி இந்த ஊரை எதையும் செய்ய வைக்க முடியாது.

ஒரே வாரத்தில் 300 பறவைகள்!

1993-ம் ஆண்டு நடந்த ஒரு வேட்டையில், ஒரே வாரத்தில் சுமார் 300 டிராகோபான் பறவைகள் சுடப்பட்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. ஊரில் சிலரை உலுக்கியது இந்தக் கணக்குதான்.

டிராகோபான் என்பது கோழி இனத்தைச் சேர்ந்த காட்டுப் பறவை. ஏறக்குறைய நம் நாட்டுச்சேவல் அளவு இருக்கும். ஆணுக்குத் தலையும் கழுத்தும் செந்நிறம், முகத்தில் மஞ்சள் தோல், வயிறு சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இணையைக் கவரும் நேரத்தில் தலையில் நீல நிறத்தில் இரண்டு கொம்பு போன்ற சதை நிமிரும், தொண்டைக்குக் கீழே வண்ணத்தோல் விரியும். பெட்டைக்கு இந்த ஆடம்பரம் எதுவும் கிடையாது. காய்ந்த சருகின் நிறம்தான். தரையில் கிளறி விதை, பழம், தளிர், பூச்சி என்று மேயும். இரவில் மரத்தில் அடையும். உயரமான மலைகளில், ஈரம் குறையாத அடர் காட்டில் மட்டுமே வாழும். வடகிழக்கு இந்தியா, பூட்டான், மியான்மர், சீனாவின் ஒரு சிறு பகுதி ஆகியவற்றைத் தவிர வேறெங்கும் இல்லை. உலகம் முழுவதும் சேர்த்தே 10,000-க்கும் குறைவாகத்தான் இருக்கும் என்பது மதிப்பீடு. நாகாலாந்தின் மாநிலப் பறவையும் இதுதான்.

இவ்வளவு அரிய பறவையில் 300, ஒரே வாரத்தில் போனால் என்ன மிஞ்சும்? விதைநெல்லை அள்ளிச் சமைத்ததற்குச் சமம் இது.

1972-ம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி டிராகோபானைச் சுடுவது அப்போதே குற்றம்தான். ஆனால், காகிதத்தில் இருந்த சட்டம் காட்டுக்குள் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நாகாலாந்தில் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு அரசாங்கத்துடையது அல்ல, ஊர்களுக்கும் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். நிலமும் அதன் வளமும் மக்களுக்கே என்று அரசியல் சட்டத்தின் 371-ஏ பிரிவு அவர்களுக்குத் தனி உரிமை தந்திருக்கிறது. வனத்துறை தடியோடு வந்து நிற்க முடியாத இடம். அங்கே வேட்டை நிற்க வேண்டுமென்றால் ஊர் சொல்ல வேண்டும்.

ஊர் போட்ட சட்டம்

கொனோமாவைச் சேர்ந்த சிலி சக்ரி என்பவரும் வேறு சில பெரியவர்களும் இந்தப் பேச்சை ஊருக்குள் எடுத்தார்கள். எடுத்தவுடன் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. 'பாட்டன் காலத்து வழக்கத்தை விடச் சொல்ல நீ யார்?' என்பதுதான் முதல் பதில். வேட்டை இறைச்சி பல வீடுகளில் உணவு, சில வீடுகளில் வருமானம். போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் மரம் வெட்டி விற்பதும் அந்தப் பகுதியில் காசு பார்க்கும் வழியாக இருந்தது. வேட்டையையும் மரத்தையும் ஒன்றாக விடு என்றால் யார்தான் சம்மதிப்பார்கள்?

குலம் குலமாக, கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1998-ம் ஆண்டு, 'கொனோமா இயற்கைப் பாதுகாப்பு மற்றும் டிராகோபான் சரணாலயம்' என்ற பெயரில் 20 சதுர கிலோமீட்டர் காட்டை, அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கரை, ஊரே ஒதுக்கியது. சரணாலயத்தில் மட்டுமல்ல, ஊரின் எல்லை முழுவதுமே வேட்டைக்குத் தடை. மீறினால் ஊர் மன்றம் அபராதம் போடும். காவல் பார்ப்பது ஊர் இளைஞர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேட்டையை நிறுத்திய வருடம் 1998. ஊரைச் சுற்றுலாவுக்கு ஏற்றபடி 'பசுமைக் கிராமம்' என்று அறிவித்து மத்திய அரசின் நிதியில் நடைபாதை, வடிகால், விருந்தினர் வசதி எல்லாம் வந்தது 2005-ம் ஆண்டில். இடையில் ஏழு வருடங்கள். சுற்றுலாப் பணம் வரும் என்று கணக்குப் போட்டு அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. முதலில் கட்டுப்பாடு வந்தது. காசு பின்னால் வந்தது. இதைத் தலைகீழாகச் செய்து, முதலில் விடுதி கட்டிவிட்டு அப்புறம் காட்டைப் பற்றி யோசித்த மலை ஊர்களை நாம் தமிழ்நாட்டிலேயே நிறையப் பார்த்திருக்கிறோம். பெயர் சொல்லத் தேவையில்லை.

அந்த ஏழு வருடம் வயிற்றுக்கு என்ன வழி?

நம் வாசகர்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வியாக இருக்கும். பதில், அவர்களின் விவசாயத்தில் இருக்கிறது.

வடகிழக்கு மலைகளில் 'ஜூம்' எனப்படும் காட்டெரிப்பு விவசாயம் பரவலானது. ஒரு துண்டுக் காட்டை வெட்டி, எரித்து, இரண்டு வருடம் பயிர் செய்வார்கள். சத்து குறைந்ததும் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். விட்ட நிலம் பழையபடி தேறிவர 10 வருடத்துக்கு மேல்கூட ஆகும். மக்கள்தொகை கூடக்கூட காத்திருக்கும் காலம் குறையும், மண் கெடும், புதுக் காட்டில் கைவைக்க வேண்டி வரும். பறவைக்கும் காட்டுக்கும் துப்பாக்கி அளவுக்கு இதுவும் ஆபத்துதான்.

கொனோமாவின் முன்னோர் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் ஆல்டர் மரம். வயலுக்குள்ளேயே ஆல்டர் மரங்களை வளர்ப்பார்கள். மரம் ஏழெட்டு வயது ஆனதும், தரையில் இருந்து ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுமார் 2 மீட்டரில், தலையை வெட்டிவிடுவார்கள். அடிமரத்தைத் தொடுவதில்லை. வெட்டுவாய் காய்ந்து வெடிக்காமல் இருக்க, அதன்மேல் மண்ணைப் பூசித் தட்டைக் கல்லை வைப்பதும் உண்டு. பருத்த கிளைகள் விறகுக்கு. சிறு குச்சியும் இலையும் நிலத்தில் பரப்பி எரித்து மண்ணோடு கலக்கப்படும். பிறகு மரங்களுக்கு இடையிலேயே மக்காச்சோளம், சிறுதானியம், உருளைக்கிழங்கு, மிளகாய், பூசணி, சேம்பு என்று கலந்து விதைப்பார்கள். வெட்டிய மொட்டை மரத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர் வரும். அதில் திடமான நான்கைந்தை மட்டும் விட்டு மீதியைக் கழித்துவிடுவார்கள். இரண்டு வருடம் பயிர். அப்புறம் சில வருடம் நிலத்துக்கு ஓய்வு. அதற்குள் கிளைகள் மறுபடி பருத்து, அடுத்த வெட்டுக்குத் தயாராகிவிடும். ஒரே நிலம், ஒரே மரம், திரும்பத் திரும்ப விளைச்சல். தலைமுறை தலைமுறையாக வெட்டி வெட்டி அடி பெருத்துப்போன முதிர்ந்த ஆல்டர்களை அங்கே இன்றும் பார்க்கலாம்.

இந்த மரத்தின் வேரில் உள்ள முடிச்சுகளில் 'ஃபிராங்கியா' என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. அது காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது. பயறு வகைகளின் வேர் முடிச்சில் ரைசோபியம் செய்யும் அதே வேலை. இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. கடலோரத்தில் நாம் வளர்க்கும் சவுக்கு மரத்தின் வேரிலும் இருப்பது ஃபிராங்கியாதான். சவுக்குத் தோப்பு இருந்த மணலில் அடுத்த பயிர் நன்றாக வருவதைப் பார்த்தவர்களுக்கு கொனோமாவின் கணக்கு எளிதாகப் புரியும்.

ஆக, மேலே காட்டைத் தொடாமல் கீழேயே பிழைக்க அவர்களிடம் வழி இருந்தது. விறகு ஆல்டரில் இருந்து, அரிசி படிக்கட்டு வயலில் இருந்து, கைச்செலவுக்கு உருளைக்கிழங்கும் பூண்டும். டிராகோபானின் காட்டை இந்த மொட்டை மரங்கள்தான் பாதி காப்பாற்றின என்பது என் கருத்து. சுற்றுலா பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பறவை பார்க்க வருபவர் என்ன எதிர்பார்க்கிறார்?

பறவை ஆர்வலர்கள் ஊட்டி, கொடைக்கானலுக்குப் பேருந்து பிடித்து வரும் கூட்டம் போன்றவர்கள் அல்ல. இரண்டு பேர், நான்கு பேர் என்று வருவார்கள். விடியற்காலை 4 மணிக்கே எழுந்துவிடுவார்கள். சத்தம் போட மாட்டார்கள். நான்கைந்து நாள்கூடத் தங்குவார்கள். அவர்களுக்குக் குளிர்சாதன அறை தேவை இல்லை. சுத்தமான படுக்கை, சுத்தமான கழிப்பறை, வெந்நீர், சூடான சாப்பாடு போதும். எல்லாவற்றுக்கும் மேலாக அவர்களுக்குத் தேவை, காட்டை அறிந்த ஓர் ஆள். டிராகோபான் எந்த ஓடையோரம் மேயும், எந்த மாதம் கூவும், எந்தச் சத்தம் கேட்டால் அசையாமல் நிற்க வேண்டும் என்பது புத்தகத்தில் கிடைக்காது. அது தெரிந்தவர்கள் பழைய வேட்டைக்காரர்கள்தான். சுடுவதற்காகக் கற்ற வித்தை, காட்டுவதற்குப் பயன்படுகிறது.

கொனோமாவில் ஊருக்குள் வருபவர்கள் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டுதான் சுற்ற வேண்டும். தங்குவது ஊர்க்காரர்களின் வீடுகளில். சமைத்துப் போடுவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். அவர்கள் வயலில் விளைந்த அரிசியும் காயும் அப்படியே விருந்தாளியின் தட்டுக்குப் போகிறது. சந்தைக்குக் கொண்டுபோகும் கூலி மிச்சம், இடைத்தரகர் இல்லை.

இந்த வருமானத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. விருந்தினர் அறை கட்ட முடிந்த வீட்டுக்கு மட்டும் பணம் போனால், வேட்டையை விட்டுக்கொடுத்த மற்ற வீடுகள் எவ்வளவு நாள் சும்மா இருக்கும்? காட்டுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும்தானே! அதனால்தான் நுழைவுக் கட்டணம் போன்ற பொது வரவு முக்கியமாகிறது. அறை இல்லாதவருக்கும் அதில் பங்கு உண்டு. நம் ஊர் ஏரி மீன் ஏலத்தில் வரும் தொகை கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் போவதுபோல.

வலையை மடக்கிய பாங்டி

பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்த ஊர், அதே நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் இருக்கும் பாங்டி. இங்கே கதாநாயகன், அமூர் வல்லூறு. புறாவைவிடச் சிறியது, எடை 150 கிராம் அளவுதான். சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை பறந்துபோகும். அரபிக் கடலை நிற்காமல் தாண்டும். அந்த நெடும்பயணத்துக்கு முன் அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் இறங்கி, ஈசலைத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். டோயாங் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மரங்களில் லட்சக்கணக்கில் அடையும்.

அணை வந்தபோது பாங்டி மக்களின் நல்ல விளைநிலங்கள் நீருக்குள் போயின. பலர் மீன்பிடிக்க மாறினார்கள். அந்த மீன் வலையையே மரங்களுக்கு இடையில் கட்டி வல்லூறு பிடிக்க ஆரம்பித்தார்கள். 2012-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் வரை பிடிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அந்தப் படங்கள் வெளியாகி உலகமே திட்டியது. திட்டியவர்களில் எத்தனை பேருக்கு, அணையில் மூழ்கிய வயல்களைப் பற்றித் தெரிந்திருக்கும்?

ஆனாலும், அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. ஊர் மன்றம், தேவாலயம், மாணவர்கள், வனத்துறை, இயற்கை ஆர்வலர்கள் எல்லோரும் சேர்ந்து பேசியதில், 2013-ல் ஒரு வலைகூடக் கட்டப்படவில்லை. அந்த நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்கு செயற்கைக்கோள் கருவி பொருத்தி, 'நாகா', 'வோக்கா', 'பாங்டி' என்று பெயர் வைத்துப் பறக்கவிட்டார்கள். தங்கள் ஊர் பெயரைச் சுமந்த பறவை ஆப்பிரிக்கா போய்த் திரும்புவதை மக்கள் ஆவலோடு கவனித்தார்கள்.

பெருமை ஒரு பக்கம். வருமானம் இன்னொரு பக்கம். வல்லூறு அங்கே தங்குவது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்தில் வரும் பயணிகளை நம்பி ஒரு குடும்பம் வருடம் முழுவதும் ஓட்ட முடியாது. வலையை விட்டவர்களுக்கு நிலையான மாற்று வேலை வேண்டும் என்ற கோரிக்கை பாங்டியில் எழுந்தது நியாயமானதே. கொனோமாவுக்கு ஆல்டர் வயல் கைகொடுத்தது. பாங்டியின் வயலோ தண்ணீருக்குள் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், 'பறவையைக் காப்பாற்று, சுற்றுலா வரும், சோறு வரும்' என்று எல்லா ஊருக்கும் ஒரே பாட்டைப் பாடுவது சரியல்ல.

அருணாசலப் பிரதேசத்தில் சிங்சுங் என்ற ஊர் வேறொரு வழியில் போனது. புகுன் என்ற சிறிய பழங்குடி மக்களின் ஊர் அது. அவர்களின் காட்டில் கண்டறியப்பட்ட ஒரு சிறு பறவைக்கு 2006-ம் ஆண்டு அவர்கள் பெயரையே சூட்டி, 'புகுன் லியோசிக்லா' என்று உலகுக்கு அறிவித்தார் ரமணா ஆத்ரேயா. தொழிலால் வானியல் அறிஞர் அவர். வழக்கமாகப் புதுப் பறவை என்றால் ஒன்றைக் கொன்று பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். இதன் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், பிடித்து அளந்து, உதிர்ந்த இறகை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். 2017-ல் 17 சதுர கிலோமீட்டர் காட்டை வனஉயிர்ச் சட்டப்படியே 'சமுதாயக் காப்பகம்' ஆக்கினார்கள் புகுன் மக்கள். நிலம் ஊரின் கையிலேயே இருக்கும், அதே நேரம் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்கும். உள்ளூர் இளைஞர்களே ரோந்துப் பணியில் இருக்கிறார்கள்.

'மயில் என் நிலக்கடலையைத் தின்கிறதே!'

இதைப் படிக்கும்போதே பல வாசகர்கள் மனதில் இந்தக் கேள்வி ஓடியிருக்கும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் மயிலால் நொந்துபோன விவசாயியிடம் பறவைப் பாதுகாப்பு என்று பேசினால் கோபம்தான் வரும். அதில் தவறில்லை. டிராகோபான் வயலுக்கு வராது, மேல்காட்டை விட்டு இறங்காது. வல்லூறு தின்பது ஈசலும் பூச்சியும். இவற்றால் பயிருக்கு இழப்பு கிடையாது. நம் வேடந்தாங்கலிலும் அதுதான் நடந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைச் சுற்றுவட்டார விவசாயிகள் அனுபவத்தில் கண்டார்கள். பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்து, 1798-லேயே ஆங்கிலேய அதிகாரியிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். மயிலையும் காட்டுப்பன்றியையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பயிரைத் தின்னும் உயிரைக் காக்க வேண்டுமென்றால், இழப்பீடு சரியான நேரத்தில், சரியான அளவில் விவசாயி கைக்கு வர வேண்டும். விவசாயி தலையில் மட்டும் பாரத்தை ஏற்றிவிட்டுப் பாதுகாப்பு என்று பேசக் கூடாது.

அதே நேரம், சிறுமலை, கொல்லிமலை, ஏலகிரி, நீலகிரி, ஆனைமலை என்று நம் மலைகளில் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பறவை ஆர்வலர்கள் புதியவர்கள் அல்ல. சிலர் ஏற்கெனவே வீட்டில் அறை ஒதுக்கி விருந்தினர்களைத் தங்கவைக்கிறார்கள். அப்படிச் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பறவையை அருகில் வரவைக்க, கைப்பேசியில் அதன் குரலைப் போட்டுக் காட்டும் பழக்கம் வழிகாட்டிகளிடம் இருக்கிறது. போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நம்பி, கூடு கட்டும் நேரத்தில் ஆண் பறவை வேலையை விட்டுவிட்டு அலையும். தினம் நான்கு குழு வந்து நான்கு முறை போட்டால், அந்தப் பறவை அந்த இடத்தையே விட்டுப் போகக்கூடும். அதோடு விருந்தினரும் போய்விடுவார். கூடு இருக்கும் இடத்தைப் படம் எடுக்கக் காட்டுவதும் அப்படித்தான்.

கொனோமாவை நேரில் பார்க்க விரும்புபவர்கள் குவாஹாட்டி வழியாக ரயிலில் திமாப்பூர் போய், அங்கிருந்து சாலை வழியாகக் கோஹிமா செல்லலாம். நாகாலாந்துக்குள் நுழைய, 'உள்கோட்டு அனுமதி' எனப்படும் அனுமதிச் சீட்டு அவசியம். இதை இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். டிராகோபான் கூவும் காலம் மார்ச் முதல் மே வரை. அமூர் வல்லூறு பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் பிற்பாதி முதல் நவம்பர் வரை பாங்டிக்குப் போக வேண்டும். ஆல்டர் வெட்டைப் பார்க்க விரும்பும் விவசாயிகள் குளிர்காலத்தில் போனால், மரத்தின் மேல் ஏறி நின்று தலை கழிப்பதையும், வெட்டுவாயில் கல் வைப்பதையும் நேரில் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டிசம்பர் முதல் பத்து நாள் கோஹிமா அருகே ஹார்ன்பில் திருவிழா நடக்கும். அந்த நாள்களில் அறை கிடைப்பது கடினம், முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போவது நல்லது.